கணக்கில் தவறி விழுந்த காசு: யாருடைய பிழை, யாருடைய பொறுப்பு?

கேள்வி
2024 ஒக்டோபர் 11, வெள்ளி

உப்புவெளியில் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். போன வாரம் புதன்கிழமை என் சேமிப்புக் கணக்கில் 485,000 ரூபாய் விழுந்திருக்கிறது. என் சம்பளம் 52,000. யார் போட்டது என்று தெரியாது. ஒன்பது நாளாகியும் வங்கியிலிருந்து ஒரு அழைப்புக்கூட இல்லை. "பாங் விட்ட பிழைக்கு நீ ஏன் தலையைக் கொடுக்கிறாய், வலிய வந்த சீதேவியைக் காலால் உதைக்காதே" என்கிறான் மச்சான். 12,000 எடுத்துத் தங்கச்சியின் ரியூஷன் காசைக் கட்டிவிட்டேன். நான் கேட்காமல் வந்த காசுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

ஒக்டோபர் 11, இரவு 9.40

மிச்சத்தைத் தொடாதீர்கள், தம்பி. மற்றதெல்லாம் பிறகு.

காசு வந்ததற்கு நீங்கள் பொறுப்பில்லை. அந்த அளவில் மச்சான் சொல்வது சரி. ஆனால் 12,000 உங்கள் கணக்கிலிருந்து தானாகப் போகவில்லை. அட்டையைப் போட்டு, இரகசிய எண்ணை அழுத்தி, நீங்கள்தான் எடுத்தீர்கள். அப்போது அது உங்கள் காசு இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

நம் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 386 ஆம் பிரிவு இருக்கிறது. பிறர் பொருளை நேர்மையின்றித் தன் பாவனைக்கு எடுப்பதைப் பற்றியது. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். அதில் ஓர் உதாரணம் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் இன்னொருவரின் பொருளைத் தன்னுடையது என்று உண்மையாகவே நம்பி எடுத்துப் போகிறார். அது களவில்லை. பிழை தெரிந்த பிறகும் அதைத் தனதாக்கிக்கொண்டால் குற்றம். பொருள் கைக்கு வந்த விதத்தில் குற்றமே இல்லாவிட்டாலும், தெரிந்த நிமிடத்துக்குப் பிறகு செய்வதில் குற்றம் வரலாம் என்பதுதான் அதன் பொருள். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

"சம்பளம் வந்ததும் திரும்பப் போட்டுவிடுவேன்" என்று மனதில் நினைத்திருப்பீர்கள். கொஞ்சக் காலத்துக்கு மட்டும் எடுத்தாலும் எடுத்ததுதான் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது.

பயமுறுத்த எழுதவில்லை. பன்னிரண்டாயிரத்தோடு நிறுத்தியிருக்கிறீர்கள், கேட்கவும் செய்திருக்கிறீர்கள். இதைச் சரி செய்யலாம்.

ஒக்டோபர் 12

இரவு முழுக்க இதே யோசனை. எனக்கும் இந்த விஷயத்துக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் உபதேசம் பண்ணுவது சரியில்லை.

திருகோணமலை நகரில் ஒரு கிராமிய வங்கிக் கவுண்டரில் காசாளராக இருந்தேன். 1998. கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம், அது 2009 இல்தான் வந்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறிக் கடலைக் கடந்துதான் டவுனுக்கு வருவார்கள். கடைசிப் பாதையைத் தவறவிட்டால் இரவு இங்கேதான் தங்க வேண்டும். அதனால் பிற்பகலில் கவுண்டரில் எல்லோருக்கும் அவசரம், எனக்கும் அவசரம்.

ஒரு நாள் கணக்கு முடிக்கும்போது 10,000 குறைந்தது. நூறு ரூபாய்த் தாள் நூறு கொண்ட ஒரு கட்டு. மூன்று தடவை எண்ணினேன். ஈரப் பஞ்சுக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றிவிட்டது, விரல் நுனியில் நோட்டு அழுக்கு கறுப்பாய் ஒட்டியிருந்தது. நான்காவது தடவை முகாமையாளர் பக்கத்தில் நின்று எண்ணினார். குறைந்தது குறைந்ததுதான். மாதம் 1,000 வீதம் பத்து மாதம் சம்பளத்தில் பிடிக்கச் சம்மதித்து அன்றே கையெழுத்து வைத்தேன்.

காசு போனதைவிட மோசமான ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. எங்கள் பியோன் ஒரு சின்னப் பையன். பாலையூற்றிலிருந்து சைக்கிளில் வருவான். தேத்தண்ணி வைக்கக் கவுண்டருக்குள் வந்து போகிறவன் அவன் ஒருவன்தான். நான் அவனைச் சந்தேகப்பட்டேன். வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் மறுநாள் அவன் வெளியே போன நேரம் பார்த்து அவனுடைய துணிப்பையைத் திறந்து பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு சேர்ட்டும் இருந்தன.

நாலாம் நாள் கிண்ணியா ஹாஜியார் ஒருவர் வந்தார். நெல் வியாபாரி. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதியைக் கம்பிக்குக் கீழால் தள்ளினார். "நாப்பதாயிரம் கேட்டன், அஞ்சு கட்டுத் தந்திருக்கீங்க. கந்தளாயில் நெல்லுக்குக் காசு எண்ணேக்கதான் கண்டன். இது உங்கட அமானிதம், தம்பி. எண்ணிப் பாருங்க." கட்டைச் சுற்றிய தாளில் தேதி முத்திரையும் என் சுருக்கொப்பமும் அப்படியே இருந்தன. கட்டு பிரிக்கப்படவேயில்லை.

வங்கிக்கு முகம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தச் சாப்பாட்டுப் பெட்டிதான் கண்ணுக்குள் வரும். ஒருவர் பேசாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வேறு யாரோ ஒருவர் சந்தேகத்தில் நிற்கிறார். உங்களிடம் இருக்கும் 485,000 க்கு இப்போது யார் நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. யாரோ நிற்கிறார்.

ஒக்டோபர் 13

"றோட்டில் கிடந்த காசு மாதிரித்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒப்பீட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம், சட்டம் எழுதியவர்களும் அதைத்தான் பிரித்துப் பார்த்தார்கள்.

பெருந்தெருவில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று அறிய வழியில்லை, எடுத்தால் குற்றமில்லை. பெறுமதியான மோதிரம் ஒன்று கிடக்கிறது, தேடிப் பார்க்காமல் உடனே விற்றால் குற்றம். கடிதத்துக்குள் நோட்டு இருக்கிறது, கடிதத்தில் உரியவரின் விலாசம் தெரிகிறது, எடுத்துக்கொண்டால் குற்றம். வங்கியில் விழுந்த காசு இந்த மூன்றாவதைப் போன்றது. யார், எப்போது, எந்தக் கிளையிலிருந்து என்ற விலாசம் முழுக்க அதோடே வந்திருக்கிறது. கிளைக்குப் போய்க் கேட்டால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஹாஜியார் சொன்ன அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள், என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. பிற்காலத்தில் கிண்ணியா நண்பர் ஒருவரிடம் கேட்டேன். கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்தில் உள்ள விதி என்றார். பொருள் கையில் இருக்கலாம், ஆனால் காவலாளியாகத்தான் இருக்கிறோம் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில் இதற்கு இவ்வளவு தெளிவான சொல் இல்லை. "ஊரான் காசு வயிற்றைக் கடிக்கும்" என்பார் ஆச்சி, அவ்வளவுதான்.

ஒக்டோபர் 14

மச்சான் வெளிநாட்டுக் கதை அனுப்பியிருக்கிறார். நியூயோர்க்கில் சிட்டி வங்கி 2020 ஓகஸ்ட் 11 அன்று ஒரு அழகுசாதன நிறுவனத்தின் கடனுக்கு 78 இலட்சம் டொலர் அளவில் வட்டி மட்டும் அனுப்பப் போய், கிட்டத்தட்ட 90 கோடி டொலரை அனுப்பிவிட்டது. மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகும் நடந்த பிழை. வாங்கியவர்களில் சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். 50 கோடி அளவைத் தர மாட்டோம் என்று மற்றவர்கள் நின்றார்கள். 2021 பெப்ரவரியில் நீதிமன்றமும் வைத்திருக்கலாம் என்றது. "பார்த்தீர்களா" என்கிறார் மச்சான்.

பார்த்தேன். அவர்களுக்கு அந்த நிறுவனம் உண்மையிலேயே அவ்வளவு கடன்பட்டிருந்தது. தங்களுக்கு வரவேண்டிய காசு முன்கூட்டி வந்தது என்பதுதான் அவர்களின் வாதம். உங்களுக்கு யார் தம்பி 485,000 கடன்பட்டிருக்கிறார்?

அவுஸ்திரேலியாவில் நடந்தது உங்களுக்குக் கிட்ட வரும். 2021 மே மாதம் ஒரு கிரிப்டோ நாணய நிறுவனம் 100 டொலரைத் திருப்பி அனுப்பப் போனது. தொகை போடும் கட்டத்தில் கணக்கு இலக்கத்தைத் தட்டிவிட்டார்கள். போனது ஒரு கோடியே நாலு இலட்சத்துச் சொச்சம் டொலர். ஏழு மாதம் யாருக்கும் தெரியாது. டிசம்பரில் கணக்காய்வு செய்தபோதுதான் வெளிவந்தது. அதற்குள் அந்தக் காசில் 13 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு வீடு வாங்கியாகிவிட்டது. வீட்டை விற்று வட்டியோடு கட்டு என்று விக்டோரியா உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒன்பது நாள் அழைப்பு வரவில்லை என்பதால் வங்கி மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கணக்காய்வு எப்படியும் வரும்.

அதே நாட்டில் மேலதிகப் பற்றை, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலான காசை, எல்லையில்லாமல் எடுக்க முடிந்த ஒரு இளைஞர் 20 இலட்சம் டொலருக்கு மேல் செலவழித்தார். மேன்முறையீட்டில் 2016 இல் விடுதலையானார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை, வங்கிதான் கேட்கக் கேட்கக் கொடுத்தது என்பது காரணம். மச்சான் இதைத் தேடிப் பிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். குற்றவாளி இல்லை என்பது வேறு, கடன் இல்லை என்பது வேறு.

ஒக்டோபர் 15, பகல் 12.15

தம்பி, அந்த ஆளுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

"நான்தான் பிழையாகப் போட்டேன், இந்த வேறு கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள்" என்று போனில் வந்தவர் உண்மையான ஆளாகவும் இருக்கலாம், கள்ளனாகவும் இருக்கலாம். கள்ளக் காசை ஓர் அப்பாவியின் கணக்கில் போட்டு, அவர் கையாலேயே மூன்றாவது கணக்குக்கு மாற்றுவிப்பது தெரிந்த தந்திரம். நீங்கள் நல்ல மனதோடு அனுப்புவீர்கள். நாளைக்கு உண்மையான உரியவர் வந்து கேட்பார், இரண்டாவது தடவை எங்கிருந்து கொடுப்பீர்கள்? 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரணைக்குப் போகவும் வேண்டி வரலாம்.

காசு வந்த வழியாலேயே திரும்பிப் போகட்டும். வங்கி செய்யட்டும்.

நாளைக்கே கிளைக்குப் போங்கள். வாயால் சொன்னால் போதாது, எழுதிக் கொடுங்கள். எந்தத் தேதி, எவ்வளவு, உங்களுக்கு உரியது இல்லை, 12,000 எடுத்துவிட்டீர்கள், எப்போது கட்டுவீர்கள், போனில் ஒருவர் கேட்டார், அவருடைய இலக்கம் இது. இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்தப் பிரதிதான் இனி உங்கள் கவசம். நாளை மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, வங்கி இல்லை. அதனால் நாளைக்கே.

ஒக்டோபர் 16

நியூயோர்க் வழக்கில் நான் பாதியில் நிறுத்திவிட்டேன். பிழை என்னுடையது. 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. இரண்டு காரணம். அந்தக் கடனுக்கு இன்னும் தவணை வரவில்லை. அடுத்தது, இப்படித் திடீரென்று முழுத் தொகையும் வந்தால் ஏதோ பிழை என்று யோசித்துக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

கடன் கொடுத்த பெரிய நிறுவனங்களிடமே "ஏன் கேட்கவில்லை" என்று நீதிமன்றம் கேட்டிருக்கிறது. மச்சானுக்கு இதையும் காட்டுங்கள்.

ஒக்டோபர் 18

தம்பி கிளைக்குப் போய் வந்துவிட்டார். எழுதியதை அவர் அனுமதியோடு சுருக்கித் தருகிறேன்.

கவுண்டரில் இருந்த பிள்ளை கடிதத்தை வாசித்துவிட்டு எழும்பி உள்ளே போனாராம். முகாமையாளர் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாராம். 473,000 ஐ அப்போதே முடக்கி வைத்தார்கள். காசு மூதூரில் ஒரு அம்மாவுடையது. காணி வாங்க மிச்சக் காசை மகனின் போன் மூலம் அனுப்பியிருக்கிறார். கணக்கு இலக்கத்தின் கடைசியில் 38 க்குப் பதில் 83 விழுந்துவிட்டது. ஆக வங்கி விட்ட பிழையே இல்லை, தட்டியவரின் பிழை. நானும் முதல் நாளிலிருந்து வங்கிப் பிழை என்றே எண்ணி எழுதி வந்தேன். போனில் வந்தவர் யார் என்று இன்னும் தெரியவில்லை. அந்த அம்மாவின் வீட்டில் யாரும் அப்படி அழைக்கவில்லை என்கிறார்கள்.

காணி விற்றவர் காசு வரவில்லை என்றார். அம்மா அனுப்பியதாகச் சொன்னார். மகன் எங்கேயோ விளையாடிவிட்டான் என்று வீட்டில் இரண்டு கிழமை சண்டை. அவனை யாரும் நம்பவில்லையாம்.

அந்த வரியை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

பெயர் பொருந்துகிறதா என்று யாராவது பார்த்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கிக் காசைத் திருடியவர்கள் 2 கோடி டொலரை இலங்கையில் ஒரு அமைப்பின் பெயருக்கு அனுப்பினார்கள். பெயரில் ஒரு ஆங்கில எழுத்துப் பிழை. இடையில் இருந்த வங்கியில் யாரோ கண்டு கேள்வி கேட்டார்கள். காசு திரும்பிப் போனது. நம்மைப் போன்றவர்கள் போனில் அனுப்பும்போது அந்தக் கண் நம்முடையதாகத்தான் இருக்க வேண்டும். பெரிய தொகை என்றால் முதலில் 100 ரூபாய் அனுப்பி, கிடைத்ததா என்று கேட்டுவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள்.

ஒக்டோபர் 20

முதல் நாள் நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்று நினைக்கிறேன். "தெரிந்த நிமிடம்" என்பது எல்லோருக்கும் அவ்வளவு கூராக வருவதில்லை.

2011 இல் என் அம்மாவின் ஓய்வூதியக் கணக்கில் மூன்று மாதம் கூடுதலாக விழுந்தது. நிலுவைக் காசு என்று நினைத்தோம். நிலுவை வரவேண்டியும் இருந்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சைக்கு அதைச் செலவழித்தோம். ஆறு மாதம் கழித்து ஓர் அலுவலகக் கடிதம், ஏழு நாளில் முழுத் தொகையையும் கட்டு என்று. அம்மா கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டார், எங்களுக்குக்கூடச் சொல்லவில்லை. அவரைக் கள்ளி என்று எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். கடிதத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. ஆனால் பயந்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

அங்கே நேர்மையின்மை எதுவும் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. நம் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில், பிழையாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க உரிமை உண்டு. ஆனால் நல்லெண்ணத்தில் வாங்கியவரிடம் வழக்குப் போடும் நேரத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் கேட்கலாம். இது அன்று எனக்குத் தெரியாது. நான் போய்த் தவணைக்குப் பேசி, அம்மாவின் ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடிக்க வைத்தேன். இன்று என்றால் ஒரு சட்டத்தரணியிடம் போய்விட்டு, அதற்குப் பிறகுதான் பேசப் போயிருப்பேன்.

அதனால் எல்லோரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். நிலுவை என்று நம்பியவர் வேறு, 52,000 சம்பளக்காரர் கணக்கில் 485,000 ஐக் கண்டவர் வேறு. தம்பி, இதை வாசித்துக் கோபிக்காதீர்கள். உங்களுக்கு முதல் நிமிடமே தெரிந்தது. இங்கு வந்து கேட்டதே அதற்குச் சாட்சி.

ஒக்டோபர் 23

சட்டத்தரணியான மருமகள் வாசித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னாள். வங்கித்தொழில் பற்றிய கேள்விகளில் இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும் என்று 1866 ஆம் ஆண்டிலேயே 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் சொல்லிவிட்டது. ஆகவே வங்கியே கொடுத்த காசு என்றால் ரோமன் டச்சுச் சட்டமா, இங்கிலாந்துச் சட்டமா என்று வாதாட இடமுண்டு.

முடிவு பெரிதாக மாறாது. இங்கிலாந்தில் 1841 இல் ஒரு வழக்கு. தவணை தவறிக் காலாவதியான ஆயுள் காப்புறுதிக்கு, அதை மறந்துபோய் ஒரு விதவைக்குக் காசு கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர் எவ்வளவு கவனயீனமாக இருந்தாலும், உண்மையாக மறந்திருந்தால் திருப்பிக் கேட்கலாம் என்றது நீதிமன்றம். "பாங் விட்ட பிழை" என்ற மச்சானின் வாதம் 180 வருடத்துக்கு முன்னரே தோற்றுவிட்டது. நல்லெண்ணத்தில் வாங்கிச் செலவழித்து நிலைமை மாறியவருக்கு அங்கேயும் பாதுகாப்பு உண்டு, 1991 இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்றுக்கொண்டது. தெரிந்து செலவழித்தவருக்கு அந்தக் கதவு இல்லை.

வங்கி உங்களை அநியாயமாக நெருக்கினால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இல் அழைக்கலாம். கொழும்பில் முறைப்பாடுகளைக் கேட்கும் நிதி ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார். காசு திருப்பிக் கொடுக்க வேண்டியவருக்கும் மரியாதையாக நடத்தப்படும் உரிமை இருக்கிறது. அம்மா இருந்திருந்தால் இதை அவருக்குச் சொல்லியிருப்பேன்.

நவம்பர் 3

தீபாவளிக்கு முதல் நாள் சம்பளம் வந்ததும் தம்பி 12,000 ஐக் கட்டிவிட்டார். முழுத் தொகையும் தீர்ந்தது என்று கடிதம் கேட்டு வாங்கச் சொன்னேன், வாங்கிவிட்டார். கடிதமும் முத்திரை வைத்த பிரதியும் ஒரே உறையில் இருக்கட்டும்.

இன்னொன்று. இந்த மூன்று கிழமையும் எழுத எழுத அந்தப் பியோன் பையன் என்னை விடவில்லை. பையன் என்ன, இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது. பாலையூற்றில் சின்னக் கடை வைத்திருக்கிறார். நேற்றுப் பின்னேரம் போனேன். மழை விட்டிருந்தது, கடைக்கு முன்னால் தண்ணீர் நின்றது. 1998 இல் உங்கள் பையைத் திறந்து பார்த்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"தெரியும் அண்ணை" என்றார். "பெட்டியை நான் எப்பவும் அடியில வைப்பன். அண்டைக்கு மேல இருந்தது."

பிறகு ஸ்டூலைத் துடைத்து எனக்குப் போட்டார்.